கண்ணில் வீக்கம், மூக்கில் ஆபரேஷன், பில்லில் தகராறு

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. பையனை இன்னும் அங்கேதான் காட்டுகிறோம். பெங்களூரில் அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம், தனியார்.

பையனுக்கு 12 வயது. பத்து நாளாகச் சளி. சனிக்கிழமை காலை வலது கண் இமை வீங்கியிருந்தது. மாமியார் பூச்சிக்கடி என்றார். தெருமுனை கிளினிக்கில் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். பீளையே இல்லாமல் என்ன மெட்ராஸ் ஐ என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஞாயிறு மதியம் காய்ச்சல் 103. இமையைத் தூக்கிப் பார்த்தால் விழி முன்னால் பிதுங்கி நிற்கிறது.

எமர்ஜென்சியில் இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. "கண்ணா, என் விரலையே பாரு" என்று விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினார். இடது கண் கூடவே போனது. வலது கண் பாதியில் நின்றது, பையன் அலறினான். அப்புறம் ஒரு சிவப்புப் பேனா மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டி, சிவப்பு ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்டார். "சார், இது கண்ணுல ஆரம்பிச்சது இல்ல, சைனஸ்ல இருந்து போயிருக்கு" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் சிடி ஸ்கேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஃபைலின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். மூக்குப் பக்கத்து சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு காகிதம் மாதிரி மெல்லியது. லத்தீன் பெயருக்கே அதுதான் அர்த்தமாம். சீழ் அதைத் தாண்டி, எலும்புக்கும் அதை மூடியிருக்கும் சவ்வுக்கும் நடுவில் தேங்கியிருந்தது. 1970இல் சாண்ட்லர் என்பவர் பிரித்த ஐந்து வகையில் இது மூன்றாவது. ஐந்தாவதில் மூளைக்கு அடியில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடும். அதைக் கேட்டபின் மற்ற மூன்றைப் பற்றி நான் கேட்கவில்லை. மாமியாருக்குக் கருப்புப் பூஞ்சை பயம். "பாட்டி, அது பூஞ்சை, இது பாக்டீரியா" என்று டாக்டரே பொறுமையாகச் சொன்னார்.

உடனே கத்தியை எடுக்கவில்லை. சீழ் கொஞ்சமாக இருந்தால், அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கு, நரம்பு வழி ஆன்டிபயாடிக்கிலேயே கரைவது உண்டாம். பார்வை குறைந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அதனால் ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டார்ச்சும் பேனா மூடியுமாக ஒரு நர்ஸ் வந்தார். தூங்குகிற பிள்ளையை ஏன் எழுப்புகிறீர்கள் என்று பன்னிரண்டு மணிக்கு நான் சிடுசிடுத்தேன். அவர் பதில் சொல்லாமல் எழுப்பினார். இரண்டு மணிக்குப் பையன், "வலது கண்ணுல பார்த்தா செங்கல் கலரா தெரியுது சிஸ்டர்" என்றான். அந்த அம்மா டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டே ஓடினார். நாலு மணிக்கு தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

முகத்தில் ஒரு கீறல் இல்லை. மூக்குக்குள் எண்டோஸ்கோப்பை விட்டு, சைனஸைத் திறந்து, அந்தக் காகித எலும்பில் கொஞ்சம் எடுத்து, சீழை மூக்கு வழியாகவே வடித்துவிட்டார்கள். சீழ் கண்ணுக்கு மேல்பக்கம் இருந்திருந்தால் வெளியிலிருந்தும் கீற வேண்டி வந்திருக்கும். அதற்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை இமை பாதி திறந்தது. சிவப்பு சிவப்பாகவே தெரிந்தது.

டாக்டர்களுக்கும் நர்ஸுக்கும் ஐந்துக்கு ஐந்து. பில்லிங் கவுன்டருக்கு ஒன்று, அதுவும் ஏசிக்காக. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள், இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்து வெளியே வரும்போது ராத்திரி ஏழேகால். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், பில்லை வரிவரியாகப் பார்ப்பேன். கையுறைக்கு இரண்டு இடத்தில் காசு. திருப்பிக் கொடுத்த டிரிப் செட்டைக் கழிக்கவே இல்லை. "சிஸ்டம்ல அப்படித்தான் வரும் சார்" என்றார் கவுன்டர் பையன். அவன் சிஸ்டத்திலேயே உட்கார்ந்து 2,340 ரூபாய் தப்பு என்று காட்டினேன். கூட இருப்பவர்களுக்குக் கொடுக்கும் நாற்காலி சாயாது. கேன்டீன் சித்ரான்னம் நன்றாக இருக்கும், காபி வேண்டாம்.

மூக்கை உப்புத் தண்ணீரில் தினமும் இரண்டு வேளை கழுவச் சொல்லியிருக்கிறார்கள். பையன் கத்துகிறான், ஆனால் கழுவுகிறான். 2,340 பதினோரு நாள் கழித்து அக்கவுன்டில் வந்தது.