பிரிண்டர் ஓடவில்லை என்று போன் செய்தேன், 86,404 ரூபாய் ஓடிவிட்டது

முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியில் எனக்கே வெட்கமாகிச் சொல்லாமல் விட்டுவிடுவேன். போனது 86,404 ரூபாய். அதில் 61,500 என் பணமே இல்லை. புற்றுநோய் சிகிச்சைக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக நான் ஓடுகிறேன் என்று நம்பி 43 பேர் கொடுத்த பணம். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணா கொடுத்த 100 ரூபாயும் அதில் இருந்தது.

எனக்கு வயது 47. கோவையில் இருக்கிறேன், ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறேன், அதாவது நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் தெரியாதவள் இல்லை. டிசம்பரில் அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர், ஓடுவதாக ஜூலையில் பெயர் கொடுத்தேன். என் அத்தை இதே நோயில் போனவர், அதனால் சும்மா ஓடாமல் பணமும் திரட்டலாம் என்று தோன்றியது. கோவை ரேஸ் கோர்ஸ் சாலையில் ஓடும் எங்கள் குழுவுக்கு ஒரு மாஸ்டர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பித்துவைத்தார். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. முதலில் எனக்கு இது ஏமாற்று வேலை மாதிரித்தான் பட்டது, ஓட்டப் பந்தயத்தில் நடப்பதாவது என்று. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கே மூச்சு வாங்கியவள் அக்டோபரில் பதினைந்தைத் தொட்டேன். இந்த விஷயத்தில் மாஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. அவர் சொல்லிக் கேட்காமல் விட்ட ஒன்று பின்னால் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸில் ஏழு சுற்று. ஒரு சுற்று கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர், ஆக பதினேழரை. என் வாழ்க்கையிலேயே அதிக தூரம். வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை, படி ஏறும்போது தொடை நடுங்கியது, பசி அடங்கிப்போய் ஒரு மாதிரி மந்தமாக இருந்தது. பதினொரு மணிக்கு அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம். அதில் நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலை வைப்பதாகச் சொல்லியிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் ஆஃப்லைன் என்கிறது. அணைத்துப் போட்டேன், வயரைப் பிடுங்கி மாட்டினேன், பேப்பரை எடுத்துத் தட்டி அடுக்கி வைத்தேன். பிரிண்டரில் பச்சை விளக்கு ஜோராக எரிகிறது, லேப்டாப் மட்டும் அப்படி ஒன்று வீட்டிலேயே இல்லை என்று சாதிக்கிறது.

திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கும் பையனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், "அம்மா, ரீஸ்டார்ட் பண்ணினியா?" என்று அந்தக் குரலில் கேட்பான். அந்தக் குரலைக் கேட்க அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. அதனால் போனில் பிரிண்டர் கம்பெனி பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடினேன். முதலில் வந்த எண்ணை அழுத்தினேன். அது விளம்பரம் என்று பொடி எழுத்தில் மேலே போட்டிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

எடுத்தவன் நல்ல தமிழில் பேசினான், மரியாதையாக, "மேடம், சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்று. பிரிண்டர் மாடல் எண்ணைக் கேட்டான். லேப்டாப்பில் ஒரு சின்ன மென்பொருளை இறக்கச் சொன்னான். எனிடெஸ்க், டீம்வியூவர் வகையைச் சேர்ந்தது, தூரத்தில் இருப்பவர் நம் கம்ப்யூட்டரை இயக்குவதற்கானது. எங்கள் மில்லிலேயே கணக்கு மென்பொருள்காரர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதில் வந்த ஒன்பது இலக்க எண்ணை நானே அவனுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த வகை மென்பொருளை வைத்து மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்ததாம்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோரிடமும் காட்டுவது இதே நாடகம்தான். முதலில் ஈவென்ட் வியூவர் என்ற பகுதியைத் திறந்தான். சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமுமாக ஆயிரத்துக்கு மேல் வரிகள். "பாருங்க மேடம், இத்தனை வைரஸ், பிரிண்டர் எப்படி வேலை செய்யும்?" எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அது விண்டோஸ் தனக்குத் தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பு. ஏதோ ஒன்று இரண்டு நொடி தாமதமாகத் தொடங்கினால்கூட அதில் ஒரு வரி விழும். புத்தம்புது கம்ப்யூட்டரில் திறந்தாலும் சிவப்பு இருக்கும். அப்புறம் கறுப்புத் திரையைத் திறந்து நெட்ஸ்டாட் என்று அடித்தான். வரிசையாக எண்கள், மேலே 'ஃபாரின் அட்ரஸ்' என்று தலைப்பு. "வெளிநாட்டுல இருந்து இத்தனை பேர் உங்க கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருக்காங்க." அந்தத் தலைப்புக்கு இணைப்பின் மறுமுனை என்றுதான் அர்த்தம், நீங்கள் திறந்து வைத்திருக்கும் செய்தித் தளத்தின் முகவரியும் அங்கேதான் வரும். மூன்றாவதாக, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நிற்கப்போகிறது என்றான். அது மட்டும் உண்மை. தூண்டிலில் உண்மையான புழுவைத்தானே மாட்டுவார்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று நானே கேட்டேன். "வாரண்டியில் இருக்கு மேடம், இலவசம். பதிவுக்கு மட்டும் 5 ரூபாய்." அங்கேதான் விழுந்தேன். 5,000 என்றிருந்தால் போனை வைத்திருப்பேன். 5 ரூபாய்க்கு யாராவது யோசிப்பார்களா? அவன் திறந்து காட்டிய பக்கத்தில் டெபிட் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று எண் எல்லாம் நானே என் கையால் அடித்தேன். அதற்கு முன்பே, வாரண்டி செய்தி வர வேண்டும் என்று போனிலும் ஒரு ஆப்பை இறக்க வைத்திருந்தான். 5 ரூபாய் போனதும், "இப்ப அப்டேட் ஓடுது, போனைக் கவிழ்த்து வைங்க, பதினைஞ்சு நிமிஷம் தொடாதீங்க" என்றான். லேப்டாப் திரையும் கறுப்பாகிவிட்டது. ஸ்பீக்கரில் அவன் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் நல்ல பிள்ளையாகக் கால் நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன்.

காட்டிக்கொடுத்தது என் ஓட்டக் கடிகாரம். போனுக்கு வரும் குறுஞ்செய்தி அதிலும் வரும். மணிக்கட்டில் இரண்டு முறை அதிர்ந்தது. முதலாவது ஓடிபி. இரண்டாவது 49,999 ரூபாய் பற்று. படித்துப் புரிந்துகொள்வதற்குள் மறுபடி அதிர்கிறது, இன்னொரு ஓடிபி, தொடர்ந்து 36,400. நான் ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எத்தனை எச்சரிக்கை கேட்டிருப்பேன்! சொல்லத் தேவையே இல்லை, போன் திரையை அவன் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். திரையைப் பகிரும் ஆப் போனில் இருக்கும்வரை ஓடிபி என்பது ஊரறிந்த ரகசியம்தான்.

"ஹலோ, பணம் போகுது" என்று கத்தினேன். "அது ரீஃபண்ட் மேடம், பதட்டப்படாதீங்க" என்றான், அதே மரியாதையான குரலில். போனை அணைத்து, ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடி அவர்கள் போனில் பேசினேன். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வங்கி எண்ணைக் கூப்பிட்டு கார்டை முடக்கினேன், அடுத்து 1930.

இந்த 1930 பற்றி ஒரு வார்த்தை. இணையம், போன் வழியாகப் பணமோசடி நடந்தால் நாடு முழுவதும் கூப்பிட வேண்டிய எண் இது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இருக்காதீர்கள், முதலில் இதைக் கூப்பிடுங்கள். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் நான்கையும் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எங்கே சிக்குகிறதோ அந்த வங்கியில் நிறுத்தி வைப்பார்கள். எனக்கு ஒப்புகை எண் வந்தது. அன்று மாலையே சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் ஸ்கிரீன்ஷாட்டுகளை ஏற்றினேன், மறுநாள் சைபர் க்ரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தேன். 36,400 ஒரு கணக்கில் மாட்டி நிற்கிறது. அது கைக்கு வர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். 49,999 பரிசுக் கூப்பன்களாக மாறிவிட்டது, அதைத் தேடிப் பிடிக்க முடியவில்லை.

வங்கி தராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை வைத்துத்தான் அப்போது முடிவு செய்தார்கள். அது சொன்னது இதுதான். தப்பு வங்கியிடமும் இல்லாமல் நம்மிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் நாம் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. ஆனால் நம் கவனக்குறைவால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரைக்குமான நஷ்டம் நம் தலையில். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. கார்டு எண்ணை நானே அடித்துக் கொடுத்தேன், ஆப்பை நானே இறக்கினேன். மேலாளர் இதைக் கனிவாகத்தான் சொன்னார், கனிவாகச் சொன்னதால் தொகை குறைந்துவிடுமா?

பணம் போனதைவிட அந்த 43 பேருக்குச் சொன்னதுதான் பெரிய கொடுமை. என் நகைச்சீட்டை உடைத்து 61,500-ஐ மறுவாரமே அறக்கட்டளையில் கட்டினேன். ஆனாலும் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டதால் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். பாதிப் பேர், "விடுங்க அக்கா" என்றார்கள். ஒருவர் மட்டும், "நிஜமாவே ஏமாந்துட்டீங்களா?" என்று கேட்டார். அந்த 'நிஜமாவே' இன்னும் காதில் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்தவர் பணத்தை என் சம்பளக் கணக்கில் வைத்திருந்தேன் அல்லவா? எல்லாம் சேர்ந்ததும் ஒரே செக்காகக் கொடுத்தால் அழகாக இருக்கும் என்று ஒரு ஆசை. மாஸ்டர் ஆகஸ்டிலேயே, "காசு உன் கைக்கு வர வேண்டாம் கண்ணு, அவங்க கணக்குக்கே போகட்டும்" என்றார். நான்தான் கேட்கவில்லை. என் கணக்கிலிருந்து போனதால் அறக்கட்டளை ரசீதும் என் பெயரில்தான் வந்தது, கொடுத்தவர்கள் யாருக்கும் 80ஜி வரிவிலக்கு கிடைக்கவில்லை. ஆக, பணம் பத்திரமாக இருந்திருந்தாலும் அவர்களுக்கு நஷ்டம் செய்திருப்பேன். நற்காரியத்துக்காக ஓடுகிறவர்கள் அறக்கட்டளையின் கியூஆர் கோடையோ வங்கி எண்ணையோ அப்படியே அனுப்பிவிடுங்கள், கொடுத்ததும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிண்டருக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் முன்னால் கேபிள்காரர் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போயிருந்தார். புது ரவுட்டர் பிரிண்டருக்குப் புது ஐபி எண், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி, கொடுத்திருக்கிறது, லேப்டாப் பழைய எண்ணிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், செட்டிங்கில் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாள். அந்த எண் இனி மாறாதபடி ரவுட்டரிலும் ஏதோ செய்தாள். ஆறு நிமிடம். "இவ்வளவுதான் ஆன்ட்டி" என்றாள். லேப்டாப்பையும் போனையும் மொத்தமாக அழித்து புதிதாக நிறுவச் சொன்னதும் அவள்தான், அவன் என்னத்தை விட்டுவிட்டுப் போனானோ யாருக்குத் தெரியும். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகாருக்கு வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு சாதனத்தில் இருந்து மாற்றுங்கள்.

கம்பெனி எண் வேண்டுமென்றால் பொருள் வந்த அட்டைப்பெட்டியில், வாரண்டி அட்டையில் இருக்கும், அல்லது முகவரியைக் கையால் அடித்து கம்பெனித் தளத்துக்குப் போய் எடுங்கள். என் பெட்டி பரண் மேலேயே இருந்தது, ஸ்டூல் போட்டு ஏறக் கால் வலித்தது, அவ்வளவுதான் காரணம். திடீரென்று திரை முழுக்க எச்சரிக்கை வந்து, கீழே போன் எண்ணும் இருந்தால் அதுவும் இதே கூட்டம்தான். மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் போன் எண் போடுவதில்லை. எஸ்கேப் சாவியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், போகாவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள்.

டிசம்பரில் ஓடினேன், 2 மணி 51 நிமிடம். 43 பெயரும் அச்சிட்ட தாள் முதுகில் பின்குத்தியிருந்தது, பாதி தூரத்திலேயே வேர்வையில் எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது.

நேற்று ராத்திரி அந்த எண்ணை மறுபடி தேடிப் பார்த்தேன். எடுத்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இப்போது அது ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் எண்ணாக இருக்கிறது, பொடி எழுத்தில் விளம்பரம் என்று போட்டு. மறுபடி புகார் கொடுத்திருக்கிறேன்.