ழான்தோவா, ஜெனாட்ஸியா?

1899-இல் மின்காரில் மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டியவர் பெல்ஜியத்துக்காரர் காமில் ஜெனாட்ஸி. அதில் மறுப்பு இல்லை. ஆனால் அவரை அந்த வேகத்துக்கு விரட்டிய பாரிஸ் நிறுவனமான ழான்தோவைப் பலரும் மறந்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகவே படுகிறது.

சார்ல் ழான்தோ கோச்சு வண்டி கட்டும் தொழிலிலிருந்து வந்தவர். 1881-லேயே மின்வண்டி செய்து பார்த்தார். 1895 பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில், வழிநெடுக மாற்று பேட்டரிகளை வைத்துவிட்டு மின்காரை இறக்கினார். கார் பந்தயத்தை முடிக்கவில்லை. ஆனாலும் எவ்வளவு துணிச்சல்!

வேகப் போட்டி பாரிஸுக்கு அருகே அஷேர் என்ற இடத்து நேர்ச்சாலையில் நடந்தது. 1898 டிசம்பர் 18 அன்று ழான்தோ காரில் ஷாஸ்லூ-லோபா பிரபு ஒரு கிலோமீட்டரை 57 வினாடியில் கடந்தார், மணிக்கு 63.15 கி.மீ. அடுத்த ஜனவரி 17 அன்று ஜெனாட்ஸி 66.66 எடுத்தார். அன்றைக்கே பிரபு 70.31 எட்டினார், அதுவும் எல்லையை நெருங்கும்போது மோட்டார் எரிந்துபோன நிலையில். பத்தே நாளில் ஜெனாட்ஸி 80.35, மார்ச் 4-இல் ழான்தோ காரில் பிரபு 92.78. இரண்டு மாதம் முடிவதற்குள் ஜெனாட்ஸி 105.88 எட்டி ஆட்டத்தை முடித்தார்.

அமைப்பில்தான் உண்மையான வித்தியாசம். ழான்தோவின் கார் சங்கிலியால் ஓடியது; காற்றைக் கிழிக்க முன்னும் பின்னும் கூராக்கிய உடல், அடியில் பழைய வண்டியின் சட்டம். ஜெனாட்ஸி புதிதாகவே தொடங்கினார்: டார்பிடோ வடிவில் பார்டினியம் என்ற அலுமினியக் கலவை உடல், பின்சக்கரங்களை நேரடியாகச் சுழற்றும் இரு மோட்டார்கள், மிஷலின் டயர். ஆனால் ஜெனாட்ஸி காரின் பழைய படம் எதையாவது உற்றுப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் உடல் இடுப்புக்கு மேலே முழுவதும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரங்களும் அச்சுகளும் வெளியே தெரிகின்றன. அத்தனை பாடுபட்டு வடித்த உடலின் பலனில் பெரும்பகுதி அங்கேயே வீணாகிறது.

வேகத்துக்கென்றே பிறந்த கார் ஜெனாட்ஸியுடையது. அந்த வகையில் அவர் கைதான் ஓங்கி நிற்கிறது. ஆனால் பாரிஸ் தெருவில் தினமும் ஓட்ட ஒரு மின்வண்டி வேண்டுமென்றால் நான் ழான்தோவிடம்தான் போயிருப்பேன். வாடகை வண்டிகள்வரை செய்த பட்டறை அது. 1906-இல் அவர் இறந்தபோது அதன் கதையும் முடிந்தது.