பெரியப்பா பிக்கப்பின் கித்தான் பை: 22 வருஷ அனுபவம்

வண்டியைக் கொடுத்த அன்று பெரியப்பா சொன்னது இதுதான்: "சாவி தொலைஞ்சாலும் பரவாயில்ல தம்பி, இந்தப் பையத் தொலைச்சுடாத."

வில்லிஸ் வடிவத்தில் மஹிந்திரா கட்டிய பழைய ஜீப், பின்னால் தொட்டி வைத்தது. பைக்குள் வண்டியோடு வந்த, சுற்றிச் சுற்றி வண்டியைத் தூக்கும் ஸ்க்ரூ ஜாக்கி, அதன் ராடு, வீல் ஸ்பேனர், மூன்று டபுள் எண்ட் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே நெல்லும் உரமும் ஏற்றி 22 வருஷம் ஓடிவிட்டது.

ஸ்பேனரின் அருமை வேறொன்றைப் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வண்டியின் நட்டெல்லாம் இஞ்ச் சைஸ். அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. கடையில் வாங்கிய 13 நம்பர் (13 மி.மீ.) ஸ்பேனர் உட்காருவதுபோல உட்காரும். இறுகிய நட்டில் பலம் கொடுத்தால் முனையை மழித்துவிடும். இரண்டு நட்டை அப்படி உருண்டையாக்கிய புண்ணியம் எனக்கு உண்டு.

அப்புறம் சக்கரம். இந்தப் பழைய ஜீப்பில் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு ரிவர்ஸ் மறை, வழக்கத்துக்கு மாறாக வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். அது தெரியாத பஞ்சர் கடைப் பையன், "துருப்பிடிச்சிருக்குண்ணே" என்று ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி மிதித்தான். நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டே முறிந்தது. டீ குடிக்கப் போகுமுன் சொல்லாதது என் தப்பு.

ஜாக்கிக்கு வருவோம். சம்பா அறுப்பு சமயம் வயலோரம் பஞ்சரானால், நம்ம ஊர்க் களிமண்ணில் வண்டி மேலே ஏறாது, ஜாக்கிதான் கீழே இறங்கும். அதற்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரத்தில், இரண்டு இஞ்ச் கனத்தில் ஒரு பூவரசம் பலகை எப்போதும் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. நடுவில் சோம்பல்பட்டு ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று வாங்கினேன். ஏற்றுவது சுகம்தான், ஆனால் இரண்டு மழைக்காலத்துக்குள் சீல் வழியே எண்ணெய் கசிந்து, டயரைக் கழற்றி வைத்திருக்கும்போதே மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஸ்க்ரூ ஜாக்கி மறையின் உராய்விலேயே நிற்பது. நாம் சுற்றாமல் இறங்காது. முழங்கை விட்டுப்போகும் என்பது வேறு விஷயம். மூட்டையை இறக்கிவிட்டுத்தான் தூக்குவேன். எந்த ஜாக்கியை நம்பியும் வண்டிக்கு அடியில் படுப்பதில்லை.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தால் கொட்டகை மேல் தென்னை சாய்ந்து கிடந்தது. பலகையை வைத்து, ஸ்க்ரூ ஜாக்கியால் இஞ்ச் இஞ்சாக மரத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்துத்தான் அறுத்தோம். அந்த அலைச்சலில் ஜாக்கியைத் துடைக்காமல் போட்டுவிட்டேன், துருவேறி இறுகிக்கொண்டது. இரண்டு நாள் டீசலில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ் போட்டு, கிரீஸ் தடவிய பிறகுதான் சுற்றியது.

இதேபோல ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் தேடுகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்க்ரூவை முழுசாக வெளியே சுற்றி, மறை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பையில் இப்போது ஸ்க்ரூ டிரைவர் இல்லை. ஏதோ ஒரு வரப்பில் விட்டுவிட்டேன். பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.