லண்டன் சிட்டி ‘ஸ்டீப் அப்ரோச்’ பேக் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கு (சுருக்கமாக சிம்) லண்டன் சிட்டி விமான நிலையத்தின் சீனரி, அதாவது அந்த இடத்தின் மாதிரி, அங்கே இறங்கக்கூடிய ஏர்பஸ் ஏ318 விமானம், இரண்டும் சேர்த்து ஒரே பேக் என்று ஓர் ஆன்லைன் கடையில் போட்டிருந்தார்கள். 3,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டுமே டுபாக்கூர். கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை, வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் இதே சரக்கை வேறு வேறு பெயரில், வேறு வேறு படத்தோடு விற்கிறார்கள் என்று சந்தேகம் இருக்கிறது, அதனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையாவது எழுதி வைக்கிறேன்.

எனக்கு இந்த விமானத்தின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009-ல் லண்டன் சிட்டியிலிருந்து நியூயார்க்குக்கு ஏ318 விட்டது. மொத்தமே 32 இருக்கை, எல்லாம் பிசினஸ் கிளாஸ். போகும்போது அட்லாண்டிக்கைத் தாண்டும் அளவுக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு அந்தக் குட்டி ரன்வேயில் எழும்ப முடியாது என்பதால் அயர்லாந்தின் ஷானனில் ஒரு நிறுத்தம், திரும்பும்போது நேரடி. ஒலியை விட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்துக்கு இருந்த பிஏ 001 என்ற எண்ணை இதற்குக் கொடுத்திருந்தார்கள். 2020-ல் கொரோனாவோடு அதுவும் முடிந்துபோனது. நிஜத்தில் ஏற முடியவில்லை, சிம்மிலாவது ஓட்டலாமே என்றுதான்.

லண்டன் சிட்டியில் இறங்குவது மற்ற இடங்கள் மாதிரி இல்லை. ரன்வே 1,508 மீட்டர்தான், ஹீத்ரோவின் வடக்கு ரன்வே 3,902 மீட்டர். இரண்டு பழைய துறைமுகக் குளங்களுக்கு நடுவே ஒரு பட்டையான நிலம், சுற்றிலும் நகரம். சத்தமும் குறைய வேண்டும், கட்டடங்களுக்கு மேலேயும் வர வேண்டும் என்பதால் வழக்கமான 3 டிகிரி சரிவுக்குப் பதில் அங்கே 5.5 டிகிரி, இதுதான் ‘ஸ்டீப் அப்ரோச்’. (1987-ல் திறந்தபோது 7.5 டிகிரியாம், டேஷ் 7 மாதிரி புரொப்பெல்லர் விமானங்கள்தான் வந்தன.) இந்த இரண்டரை டிகிரி வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். 130 நாட் (மணிக்கு சுமார் 240 கி.மீ.) வேகத்தில் 3 டிகிரியில் வந்தால் நிமிடத்துக்கு சுமார் 700 அடி இறங்குவீர்கள், 5.5-ல் 1,250-க்கு மேல். மூக்கு கீழே குத்திட்டு நிற்கும், ரன்வே கண்ணாடி முழுக்க நிறைந்து நிற்கும். சரிவைப் பிடித்த பிறகு வேகத்தைக் குறைக்கலாம் என்று நினைத்தால் தீர்ந்தது, இறக்கத்தில் பிரேக் இல்லாத சைக்கிள்தான். அதனால் சக்கரம், முழு ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கம் கீழே இறங்கும் தகடு), இறங்கும் வேகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிட்டுத்தான் கிளைட்ஸ்லோப்புக்குள், அதாவது ரேடியோ சிக்னல் காட்டும் இறங்குசரிவுக்குள், நுழைய வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் ஏமாந்தேன்.

வாங்கிய அன்று இரவே மூன்று தடவை இறங்கினேன். மூன்றும் வெண்ணெய் மாதிரி மென்மை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டி, ‘உலகத்திலேயே கஷ்டமான லேண்டிங்குகளில் ஒன்று’ என்று அளந்தேன், அவள் ‘அப்படியா’ என்று சொல்லிவிட்டுப் போனாள். நான்காவது தடவை மேற்கிலிருந்து, கிழக்கு நோக்கி இறங்கும் ரன்வே 09-க்கு வருகிறேன். வானளாவிய கட்டடங்கள் நிறைந்த கேனரி வார்ஃப் பக்கத்தில் வரும்போது சும்மா பக்கவாட்டில் பார்த்தேன். ஒன் கனடா ஸ்கொயர் கட்டடம், அதன் பிரமிடு கூரை, என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. கீழே இல்லை, நேராக. சட்டென்று சிம்மை நிறுத்திவைத்தேன். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் 800 அடி சொச்சம். அந்தக் கட்டடம் 235 மீட்டர், அதாவது 770 அடி. ரன்வேக்கு இன்னும் இரண்டேகால் நாட்டிகல் மைலுக்கு (நான்கு கி.மீ.) மேல் இருக்கிறது, சரியான பாதையில் வருகிறேனா என்று காட்டும் ஐஎல்எஸ் ஊசி இரண்டும் நடுவில் அழகாக நிற்கிறது! 5.5 டிகிரியில் வந்திருந்தால் நான் அந்த இடத்தில் 1,400 அடியில் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரன்வே முனையிலிருந்து 5 நாட்டிகல் மைலில் கிளைட்ஸ்லோப் 1,600 அடியில் கிடைத்தது, 2,900-க்கு மேல் இருக்க வேண்டியது. ரன்வே ஓரத்தில் சரிவைக் காட்டும் பாபி விளக்குகளும் அதே 3 டிகிரிக்கு, ‘சரியான சரிவு’ என்று அர்த்தமாகும் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு காட்டின, ஆக இது தவறுதலாக நடந்ததல்ல, இரண்டையும் ஒன்றுபோல மாற்றியிருக்கிறார்கள். அந்த சீனரியை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டு சிம்மோடு வந்த லண்டன் சிட்டியில் இறங்கிப் பார்த்தேன், 5.5 சரியாக வந்தது. அதாவது ஏற்கெனவே சரியாக இருந்ததைக் கெடுப்பதற்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

சரி, விமானமாவது? நிஜ ஏ318-ல் இந்த வேலைக்கென்றே ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். ஸ்டீப் அப்ரோச் பொத்தானை அழுத்தி, இறங்கும் அமைப்பில் விமானம் வந்துவிட்டால், இறக்கை மேலுள்ள ஸ்பாய்லர் தகடுகளில் சில தானாகக் கொஞ்சம் எழும்பி இழுவையைக் கூட்டும், தரையை நெருங்கும்போது, 120 அடிக்குக் கீழே, அவற்றின் நடத்தையும் மாறும். எச்சரிக்கைக் குரல்களும் இதற்கேற்ப மாறும், இல்லாவிட்டால் அந்த வேகத்தில் இறங்கும்போது ‘சிங்க் ரேட்’ (மிக வேகமாக இறங்குகிறாய்) என்று கத்திக்கொண்டே இருக்குமே. இந்த பேக்கில் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எழுத்து பளிச்சென்று எரிகிறது. வெளிக் கேமராவை இறக்கை மேல் நிறுத்திவிட்டு அழுத்தினேன், அணைத்தேன், திரும்ப அழுத்தினேன். ஒரு தகடு அசையவில்லை. வெறும் பல்புக்கு சுவிட்சு. சிம்மோடு வந்த நல்ல லண்டன் சிட்டியில் 5.5-ல் இதைக் கொண்டுவந்தால் வேகம் 150-ஐத் தாண்டி ஓடுகிறது, ‘சிங்க் ரேட், சிங்க் ரேட்’ என்று அலறுகிறது. ஓ, அதனால்தான் சீனரியில் சரிவைக் குறைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. விமானத்தால் முடியவில்லை, விமான நிலையத்தை வளைத்துவிட்டார்கள்.

கோபத்தில் அந்த விமானத்தின் எடை, எஞ்சின் விவரங்கள் இருக்கும் கான்ஃபிக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். மேலே பெயர் ஏ318. கீழே எடை, எஞ்சின் எல்லாம் அதைவிடப் பெரிய, புதிய ஏ320 நியோ விமானத்துடையவை, ஒரு குறிப்பு வரியில் ‘நியோ’ என்ற வார்த்தையைக்கூட அழிக்க மறந்திருக்கிறார்கள். வெளித் தோற்றத்தை மட்டும் குட்டையாக்கி விற்றிருக்கிறார்கள்.

கடைக்கு எழுதினேன். முதல் பதில்: உங்கள் சிம்மின் நேவிகேஷன் டேட்டா (வழி காட்டும் தகவல்கள்) பழையது, புதுப்பியுங்கள். புதுப்பித்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினேன். இரண்டாவது பதில்: ‘புதியவர்கள் ரசிக்கும்படி எளிமையாக்கியிருக்கிறோம்.’ விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘உண்மையான 5.5 டிகிரி’ என்று போட்டிருக்கிறீர்களே என்று கேட்டேன். மூன்றாவது பதில்: டிஜிட்டல் பொருளை டவுன்லோட் செய்துவிட்டால் பணம் திரும்பாது. நான் போட்ட விமர்சனம் மறுநாள் காணவில்லை, அந்த ‘5.5 டிகிரி’ வரியும் காணவில்லை. நல்லவேளை, அதற்கு முன்பே பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன்.

வாங்கும்முன் நான் பார்த்திருக்க வேண்டியது அவர்களுடைய விளம்பர வீடியோவிலேயே இருந்தது. முக்கால்வாசி நேரம் வெளியிலிருந்து எடுத்த காட்சி, இசை, சூரிய அஸ்தமனம். காக்பிட்டுக்குள் ஒரே ஒரு எட்டு நொடி, அதில் வெர்டிகல் ஸ்பீட், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குகிறது என்பது, 700 என்று தெளிவாகத் தெரிகிறது. பத்து தடவை பார்த்தும் நான் அந்த எண்ணைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த தேம்ஸ் நதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, வெட்டாமல், தொடக்கம் முதல் சக்கரம் தொடும்வரை ஒரு வீடியோ இல்லையென்றால் கேளுங்கள். பொத்தானை அழுத்தும்போது இறக்கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அதுவே பதில். கார்டில் கட்டுங்கள், யுபிஐ-யில் அனுப்பாதீர்கள், கார்டில் கட்டியதால் எனக்கு இந்தப் புகாராவது கொடுக்க முடிந்தது.

வங்கியிலிருந்து நேற்று போன் வந்தது. ‘விமானம் சரியாக இறங்கவில்லை என்பதுதான் புகாரா சார்?’ என்று அந்தப் பெண் கேட்டார். இல்லைங்க, ரொம்ப நன்றாக இறங்குகிறது, அதுதான் புகார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆதாரங்களை மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார், பிரமிடு கூரை ஜன்னலுக்கு நேராகத் தெரியும் அந்தப் படத்தைத்தான் முதலில் வைத்திருக்கிறேன்.