சிக்னல் ஜெனரேட்டர்: மெகாஹெர்ட்ஸைப் பிறகு பார்க்கலாம், முதலில் எர்த்

ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் செய்பவரோ பாலிடெக்னிக் மாணவரோ, சர்க்யூட்டைச் சோதிக்க மின் அலைகளை உருவாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டரை வாங்கப் போகிறவர் எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை மெகாஹெர்ட்ஸ்?’ என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். இன்று யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, ‘பிளக்கில் எத்தனை பின்?’

அதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஆன்லைனில் ஒரு மலிவான இரண்டு சேனல் டிடிஎஸ் (அலையை டிஜிட்டல் முறையில் உருவாக்கும்) பெட்டி வாங்கினேன். பிளாஸ்டிக் உடம்பு, வண்ணத் திரை, பின்பக்கம் இரண்டு பின் சாக்கெட். ஒரு ப்ரீஆம்ப் போர்டை மேசையில் வைத்து, அதன் கிரவுண்டில், எர்த் செய்த ஆஸிலோஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) புரோப்பின் கிளிப்பை மாட்டிவிட்டு, ஜெனரேட்டரின் சிவப்பு கிளிப்பை உள்ளீட்டில் வைத்தேன். கறுப்பு கிளிப் இன்னும் கையில்தான் இருந்தது. உள்ளீட்டு ஐசி போய்விட்டது. ஐசி பழுதாக இருந்திருக்கும் என்று நினைத்து வேறொன்று மாற்றினேன். அதுவும் போனது. அதற்குப் பிறகுதான் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஜெனரேட்டரின் பிஎன்சி ஷெல்லுக்கும் (வெளியீட்டு சாக்கெட்டின் உலோக வெளி வளையம்) எர்த்துக்கும் நடுவே பார்த்தேன். 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

உள்ளே இருப்பது எர்த் இல்லாத ஒரு சின்ன எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் முறையில் ஓடும் பவர் சப்ளை). இரைச்சலைக் குறைக்க, அதன் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ‘ஒய்’ வகைக் கப்பாசிட்டர் ஒன்று போட்டிருப்பார்கள். அது வழியாகக் கசியும் மின்சாரம் போக வேறு வழியில்லாமல், ஜெனரேட்டரின் கிரவுண்ட் முழுவதையும் கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் பாதிக்குத் தூக்கி நிறுத்திவிடுகிறது. 2.2 நானோபாரட் கப்பாசிட்டர் என்றால் கசிவு 0.1 மில்லிஆம்பியர் அளவில்தான் இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லை. ஈரக்கையோடு தொட்டால் லேசாகச் சுறுசுறுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் சிக்னல் கிளிப் முதலில் தொட்டால், அந்தக் கசிவும் கப்பாசிட்டரில் சேர்ந்த சார்ஜும் எர்த்தைத் தேடி ஐசி வழியாகத்தான் போகும். ஜேஃபெட், மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் உள்ளீடுகள் அதைத் தாங்காது.

அன்றிலிருந்து எந்த ஜெனரேட்டரையும் எடை போடும்போது அது எர்த்தோடு எப்படி உறவு வைத்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். நடைமுறையில் நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: பேட்டரியில் ஓடும் போன் அல்லது லேப்டாப், எக்ஸ்ஆர் 2206 ஐசியை வைத்து நாமே சேர்த்துக்கொள்ளும் கிட், மேலே சொன்ன மலிவு டிடிஎஸ் பெட்டி, அப்புறம் மூன்று பின் வைத்த பெஞ்ச் ஜெனரேட்டர். நான்காவதற்கு உதாரணம் சிக்லென்ட் எஸ்டிஜி 1032எக்ஸ் (30 மெகாஹெர்ட்ஸ்), ரைகோல் டிஜி 1022இசட் (25 மெகாஹெர்ட்ஸ்).

எர்த் விஷயத்தில் யார் எங்கே நிற்கிறார்கள்

கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், எர்த் கணக்கில் புதிதாகத் தொடங்குபவருக்கு மிகப் பாதுகாப்பானது சார்ஜரைக் கழற்றிய போன்தான். மெயின்ஸோடு அதற்குத் தொடர்பே இல்லை. டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, 3.5 மில்லிமீட்டர் ஜாக்கிலிருந்து 1 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் வழியாகச் சிக்னல் எடுத்தால் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடியோ வேலை எல்லாம் நடக்கும். கப்பாசிட்டர் எதற்கு என்றால், எதிர்ப்பக்கம் இருக்கும் டிசி போனுக்குள் ஏறாமல் இருக்க. சோதிக்கும் சர்க்யூட்டில் எவ்வளவு டிசி வரலாமோ அதைவிட இரண்டு மடங்கு வோல்ட்டேஜ் தாங்குவதாகப் போடுங்கள். சார்ஜரைச் செருகிய மறுநொடி இந்தப் பாதுகாப்பு காணாமல் போய், போனும் மலிவு பெட்டி மாதிரியே எர்த்தோடு ஒட்டாமல் ஒரு வோல்ட்டேஜில் மிதக்கத் தொடங்கிவிடும்.

எக்ஸ்ஆர் 2206 கிட்டும் அப்படித்தான். மூன்று லித்தியம் செல்லிலோ 9 வோல்ட் பேட்டரியிலோ ஓட்டினால் நிம்மதி. இரண்டு பின் அடாப்டரில் ஓட்டினால் அடாப்டரின் கசிவு வந்து சேரும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனமான அடாப்டர் கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் கசிவு மிகக் குறைவு.

மலிவு டிடிஎஸ் பெட்டியை என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டாம். அதன் பிஎன்சி ஷெல்லிலிருந்து ஒரு வயரை எர்த் செய்த ஸ்கோப்பின் கிரவுண்ட் முனைக்கு நிரந்தரமாக இழுத்துவிட்டால் மிதப்பு அடங்கிவிடும். எலக்ட்ரானிக்ஸ் நன்றாகத் தெரிந்தவர்கள் பின்பக்கத்தைத் திறந்து மூன்று பின் சாக்கெட் பொருத்தி, வெளியீட்டு கிரவுண்டை எர்த்தோடு சேர்த்துவிடுகிறார்கள். மெயின்ஸ் பக்கத்தில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்யக் கூடாது.

இப்போது விலை கூடிய பெஞ்ச் ஜெனரேட்டர். மூன்று பின், உலோக உடம்பு, முறையான எர்த். இங்கே எல்லாம் சரி என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். பல பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. பெஞ்ச் மெஷின்களின் மெயின்ஸ் ஃபில்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒவ்வொரு கப்பாசிட்டர் உண்டு. எர்த் வயர் செத்துப்போன சாக்கெட்டில் செருகினால் அந்த இரண்டு கப்பாசிட்டரும் வோல்ட்டேஜைப் பாதியாகப் பிரித்து, உலோக உடம்பை 115 வோல்ட்டுக்கு அருகில் கொண்டுபோய் வைக்கும். அதாவது நாற்பதாயிரம் ரூபாய் போட்டு வாங்கினாலும், எர்த் இல்லாத சாக்கெட்டில் அது மலிவு பெட்டியேதான். உலோக உடம்பு என்பதால் தொட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆகவே எந்த வகையை வாங்கினாலும் முதல் சோதனை சாக்கெட்டில். பேஸ் - நியூட்ரல் 230 வோல்ட் அருகில், பேஸ் - எர்த் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரல் - எர்த் ஒன்றிரண்டு வோல்ட். இப்படி வந்தால் நல்ல அறிகுறி. பேஸ் - எர்த் 100, 150 என்று தள்ளாடினால் அந்த எர்த் வெறும் அலங்காரம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே மெஷினைச் செருகுங்கள். போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தால் பவரைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் அதையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது சோதனை மெஷினைச் செருகாமல். பிளக்கின் எர்த் பின்னுக்கும் உலோக உடம்புக்கும் நடுவே ஓம்மீட்டர் 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். பிஎன்சி ஷெல்லுக்கும் அதே அளவு வந்தால் வெளியீடு எர்த் செய்யப்பட்டது என்று பொருள். ஷெல்லுக்கு மட்டும் வரவில்லை என்றால் பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கீசைட் 33220ஏ போன்ற மெஷின்களில் வெளியீட்டை வேண்டுமென்றே எர்த்திலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள், 42 வோல்ட் உச்சம் வரை மிதக்கலாம் என்ற வரம்போடு. மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, செருகிய பிறகு. பவரை அணைத்துவிட்டு மல்டிமீட்டரின் இரு கிளிப்பை ஷெல்லிலும் எர்த்திலும் மாட்டி, கையை எடுத்துவிட்டு, பவரைப் போட்டுப் பாருங்கள். பெரிய எண் வந்தால் மறுபடி அணைத்து, மீட்டரோடு சேர்த்து 100 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையாகப் போட்டு அளவெடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற ரெசிஸ்டர்தான். வோல்ட்டேஜ் எட்டு, பத்து வோல்ட்டுக்கு விழுந்தால் வெறும் கப்பாசிட்டர் கசிவு. விழாமல் நூற்றுக்கணக்கிலேயே நின்றால் இன்சுலேஷனே உடைந்திருக்கிறது, அந்தப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த மூன்று சோதனைக்கும் சேர்த்து பத்து நிமிடம் ஆகாது.

எர்த் பின்னை வெட்டிவிட்டு வேலை செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு போர்டு, எல்இடி டிரைவர் போன்ற, மெயின்ஸோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் சர்க்யூட்டில் எர்த் செய்த கிளிப்பை வைத்தால் வெடிக்கும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பின்னை வெட்டினால் கிளிப் தொட்ட இடத்தின் மெயின்ஸ் வோல்ட்டேஜ் முழுவதும் ஜெனரேட்டரின் உடம்புக்கு வந்துவிடும். மெயின்ஸோடு நேரடித் தொடர்பை அறுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை, சோதிக்கப்படும் போர்டுக்குப் போடுங்கள், கருவிகளுக்கு எர்த் இருக்கட்டும். ஸ்கோப்பும் ஜெனரேட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்தே பவர் எடுக்கட்டும்.

வோல்ட்டேஜ் பொறி

எர்த்துக்கு அடுத்து சர்க்யூட்டைக் கொல்வது, திரையில் தெரியும் எண்ணும் கம்பியில் வரும் எண்ணும் வேறாக இருப்பது. பெஞ்ச் ஜெனரேட்டர்களின் வெளியீட்டு மின்தடை 50 ஓம். மெனுவில் லோடு ‘50 ஓம்’ என்று இருக்கும்போது 5 வோல்ட் என்று செட் செய்தால், மறுமுனையில் 50 ஓம் லோடு இல்லாதபோது 10 வோல்ட் வரும். மைக்ரோகன்ட்ரோலர் பின்னில் மாட்டினால் முடிந்தது கதை. ‘ஹை-இசட்’ (50 ஓம் லோடு இல்லை என்ற கணக்கு) என்ற அமைப்புக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், முந்தைய ஆள் எதில் விட்டுப்போனார் என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இதைச் சரிபார்க்க ஸ்கோப் வேண்டியதில்லை. 100 ஹெர்ட்ஸ் சைன் அலை, 2 வோல்ட் பீக்-டு-பீக், ஆஃப்செட் (அலையோடு சேர்ந்து வரும் டிசி) பூஜ்யம். மல்டிமீட்டர் ஏசியில் 0.707 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரை இணையாக வைத்து 50 ஓம் லோடு கொடுத்தால் அது பாதியாகி 0.354 ஆக வேண்டும். பாதிக்கும் கீழே போனால் வெளியீட்டு ஸ்டேஜ் அடிபட்டிருக்கிறது. மலிவான மீட்டர்களின் ஏசி அளவீடு சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் நம்பத்தக்கது என்பதால்தான் 1 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 100 ஹெர்ட்ஸ். பிறகு மீட்டரை டிசிக்கு மாற்றி ஆஃப்செட் மீந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப்செட்டோடு டைரக்ட் கப்பிள்டு (டிசியைத் தடுக்கும் கப்பாசிட்டர் இல்லாத) ஆம்பில் கொடுத்தால் ஸ்பீக்கர் சுருள்தான் விலை கொடுக்கும்.

எக்ஸ்ஆர் 2206 கிட் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. அதன் சைன் வெளியீட்டுக்கு ஒலியளவு போல ஒரு பாட் (திருகும் குமிழ்) உண்டு. சதுர அலைக்கோ அது கிடையாது. 9 வோல்ட் கொடுத்தால் 8 வோல்ட் அளவுக்குச் சதுர அலை வரும். 3.3 வோல்ட் லாஜிக்கில் நேராக மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐசியின் சைன் பின்னும் சப்ளையின் பாதி டிசியில் நிற்கும், போர்டில் தடுப்புக் கப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 10 மைக்ரோபாரட் சேருங்கள். வெளியீட்டு மின்தடை 50 ஓம் அல்ல, 600 ஓம் அளவில். 50 ஓம் லோடு போட்டால் சிக்னல் படுத்துவிடும், அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

அதிர்வெண் துல்லியத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிடிஎஸ் பெட்டி, பெஞ்ச் மெஷின் இரண்டும் கிரிஸ்டலை வைத்து ஓடுகின்றன. சாதாரண கிரிஸ்டல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) தவறினாலும் 1 மெகாஹெர்ட்ஸில் 50 ஹெர்ட்ஸ்தான் விலகும். கிட் ரெசிஸ்டரையும் கப்பாசிட்டரையும் நம்பி ஓடுகிறது, அறை சூடானால் நகரும். டோன் கன்ட்ரோல் சோதிக்க அது போதும், ரேடியோவின் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) சரிசெய்யப் போதாது.

பழைய மெஷின் கிடைத்தால்

ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு. செகண்ட்ஹேண்டில் வரும் பழைய ஹெச்பி, டெக்ட்ரானிக்ஸ் வகை மெஷின்கள். எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம், ஆனால் செருகுவதற்கு முன் பின்பக்க வோல்ட்டேஜ் செலக்டரைப் பார்க்காமல் செருகாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவை 115 வோல்ட்டில் நிற்கும். ஃபியூஸ் மதிப்பும் 230 வோல்ட்டுக்கு வேறு. மெயின்ஸ் ஃபில்டரில் ரிஃபா பிராண்டு பேப்பர் கப்பாசிட்டர் இருந்து, அதன் மேல் ஓட்டில் மெல்லிய விரிசல்கள் தெரிந்தால் பவர் போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். இவை பல பத்தாண்டு கழித்து வெடித்து அறை முழுக்கப் புகை கக்குவதற்குப் பேர் போனவை. முதல் முறை 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்துப் பவர் கொடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

ஆடியோ மட்டும் பார்ப்பவருக்குப் பேட்டரியில் ஓடும் எக்ஸ்ஆர் 2206 கிட்டையே சொல்வேன், அதுவரை போன் இருக்கிறது. டிஜிட்டல், ரேடியோ என்று போகிறவர், எர்த் சரியாக இருக்கும் இடத்தில், காசு சேர்த்து மூன்று பின் பெஞ்ச் மெஷின் வாங்குவதே நல்லது. நடுவில் இருக்கும் மலிவு டிடிஎஸ் பெட்டியை, எர்த் வயர் இழுக்கத் தெரிந்தவருக்கு மட்டும் சொல்வேன். எதை வாங்கினாலும் மாட்டும்போது கறுப்பு கிளிப் முதலில், கழற்றும்போது அது கடைசியில்.