நான்கு லட்சத்துக்குள் நீலகிரிக்கு ஒரு துள்ளலான பழைய கார்: ஃபிகோ டீசலா, ஸ்விஃப்ட்டா, போலோ ஜிடியா?

குன்னூரிலிருந்து ஊட்டிக்குத் தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும், ஓட்டுகிற நேரம் சுகமாகவும் இருக்க வேண்டும், கையில் இருப்பது நான்கு லட்சம். ஆர்.சி. மாற்றுவதும், வாங்கிய கையோடு பார்க்க வேண்டிய வேலைகளும் இதற்குள் அடங்க வேண்டும் என்பதால் வண்டியின் விலை மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் பேச வேண்டியவை மூன்று: 2011–2017 ஸ்விஃப்ட், ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015-க்குப் பிந்தைய ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல். நான் எடுத்தது ஃபிகோ. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

டீசலுக்கு மைலேஜ் அதிகம், பெட்ரோலுக்குப் பராமரிப்புச் செலவு குறைவு, மாருதிக்கு ஸ்பேர் எங்கும் கிடைக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏசிகூட இங்கே பெரும்பாலும் கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டத்தான் உதவும். மலையில் வண்டியைத் தீர்மானிப்பது காற்று.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்காலுக்குச் சற்று மேல். டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்று அதே அளவுக்குக் குறைகிறது, சக்தியும் கூடவே குறைகிறது. ஸ்விஃப்ட்டின் 1.2 பெட்ரோல் எஞ்சின் காகிதத்தில் 84 முதல் 87 குதிரைத்திறன். இழுவை (டார்க்) 114 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றும்போதுதான். ஊட்டியில் அந்த இழுவை 90-ஐ ஒட்டி நிற்கும். கோவையில் சிட்டாகப் பறந்த அதே வண்டி, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு லவ்டேல் ஏற்றத்தில் முனகுவதற்குக் காரணம் இதுதான். வண்டியில் குறை தேட வேண்டாம்.

இதன் பலன் கிளட்ச்சில் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு பஸ் திணறிக்கொண்டு ஏறும்போது, இரண்டாவது கியரில் வேகம் செத்துப்போய் ஆர்.பி.எம். 1,500-க்குக் கீழே இறங்கிவிடும். குறைந்த சுற்றில் இழுவை இல்லாத வண்டியில் அப்போது இரண்டே வழி: முதல் கியருக்குப் போக வேண்டும், அல்லது அரை கிளட்ச்சில் இழுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். பிளேட் சூடேறித் தேய்கிறது, பிரஷர் பிளேட் சோர்ந்துபோகிறது. சமவெளியில் லட்சம் கிலோமீட்டரை ஒட்டி வரக்கூடிய கிளட்ச், இங்கே கவனமில்லாத காலுக்கு அதில் பாதிகூட வராது. ஸ்விஃப்ட்டுக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அதன் கிளட்ச் செட் மலிவு, மாற்றத் தெரியாத மெக்கானிக் மலையில் இல்லை. எடை குறைவு என்பதால் வளைவில் மூக்கைத் திருப்பினால் உடனே திரும்பும். தனியாகப் போகிறவர் கியரை இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டு ஓட்டினால் அதிலும் நல்ல சுகம் உண்டு.

ஸ்விஃப்ட் டீசலை எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். ஆனால் அந்த 1.3 எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே தூங்கும், மெல்லிய காற்றில் இன்னும் ஆழமாகத் தூங்கும். கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது நமக்கு வேண்டியதே அந்தக் கீழ் இழுவைதான்.

ஃபிகோ 1.5 டீசலில் 100 குதிரைத்திறன், 1,750 முதல் 3,000 ஆர்.பி.எம். வரை 215 நியூட்டன் மீட்டர். உயரத்தில் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, காற்றின் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி வழி ஏற்றம் முழுவதும் இரண்டு, மூன்று கியர்களிலேயே முடிந்துவிடும். மூன்றாவதில் 1,800-ஐத் தொட்டதும் காலை அழுத்தினால், முதுகை சீட்டோடு சேர்த்துத் தள்ளும் அந்தத் தள்ளலுக்காகவே இந்த வண்டி. முழு வளைவில் மட்டும் டர்போ விழிக்கவில்லை என்றால் தயங்காமல் முதல் கியருக்குப் போக வேண்டும். சஸ்பென்ஷன் கொஞ்சம் மென்மை, வளைவில் பாடி சாயும். 2017-இல் வந்த ஃபிகோ எஸ் கிடைத்தால் விடவே வேண்டாம்: விறைப்பான சஸ்பென்ஷன், 15 அங்குல வீல், 195 டயர்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் 105 குதிரைத்திறன், 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்தே 175 நியூட்டன் மீட்டர், கட்டுமானமும் திடம். மூன்றில் ஓட்டுவதற்குச் சிறந்தது இதுதான். சிக்கல் அதன் டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. உள்ளே எண்ணெயில் நனையாத இரட்டை உலர் கிளட்ச். சீசன் நெரிசலில் ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர்வது அதற்கு விஷம். கிளட்ச்சோ அதை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டோ போனால் செலவு லட்சத்தில் பேசும், வண்டியும் கோவைக்கு இறங்க வேண்டும். இந்தப் பெட்டியை மலையில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. ஆனாலும் நான்கு லட்சப் பட்ஜெட்டில் அந்த ஆபத்தை ஏற்கச் சொல்ல மனம் வரவில்லை.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபிகோ மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம். அதே தொகைக்கு ஸ்விஃப்ட்டைவிட ஓரிரு வருடம் புதிய வண்டி கிடைக்கும், டைட்டானியம் பிளஸ் என்ற உயர் வேரியன்ட் என்றால் ஆறு ஏர்பேக். எஞ்சின் ஸ்பேர்கள் பயமில்லை, இதே எஞ்சின்தான் ஈகோஸ்போர்ட்டிலும் ஆஸ்பயரிலும். பம்பர், ஹெட்லைட், கதவு போன்ற பாடி பாகங்களுக்குத்தான் காத்திருக்க நேரும். அதனால் அடிபட்ட ஃபிகோவைத் தொடவே வேண்டாம். விற்கும்போது நல்ல விலை வராது. குறைந்தது ஐந்து வருடம் வைத்து ஓட்டுகிறவருக்கே இது சரிப்படும்.

பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ஒரு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 1,800-இலிருந்து முழுதாக மிதியுங்கள். கறும்புகையும் ‘உஸ்’ என்ற சத்தமும் சேர்ந்து வந்தால் டர்போ ஹோஸ் கசிகிறது. புகை மட்டும் வந்தால், புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்திருக்கலாம். கிளட்ச்சுக்கு: ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, பெடலை மெல்ல விடுங்கள். எஞ்சின் சட்டென்று நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் விலையில் கழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில் மாற்றியதற்கான பில் இல்லையென்றால், டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

மலையிலேயே ஓடிய வண்டி என்றால் கதவின் அடிவிளிம்பிலும் தரைத்தகட்டிலும் துருவைத் தேடுங்கள். சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைவில் வைத்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். கூடலூர்ப் பக்கம் கேரளப் பதிவு வண்டி மலிவாக வரும், ஆனால் என்.ஓ.சி.யையும் இங்கே கட்ட வேண்டிய வரியையும் கூட்டினால் அந்த மலிவு கரைந்துவிடும். கோவைப் பதிவு வண்டி என்றால் உடனே முகவரியை மாற்றி ஆர்.சி.யைக் கையில் வைத்திருங்கள். 2024 மே முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருப்பதால், நீலகிரிப் பதிவான டி.என். 43 அல்லாத எண்ணைச் சோதனைச்சாவடியில் கேட்பார்கள்.

ஒதுக்கிய ஐம்பதாயிரத்தில் பெல்ட்டுக்கு அடுத்து பிரேக்குக்கு முன்னுரிமை. டீசலில் காலை எடுத்தால் பெட்ரோல் அளவுக்கு எஞ்சின் பிடிக்காது, அதனால் இறக்கத்தில் சுமை பிரேக்கில்தான் ஏறும். முன் பேட், பின் லைனிங், புதிய பிரேக் ஆயில் மூன்றையும் ஒரே நாளில் முடியுங்கள். ஈரம் குடித்த பழைய ஆயில் சீக்கிரம் கொதித்து, பெடல் காலுக்குக் கீழே அமுங்கிப் போகும். இறக்கத்தில் இரண்டாவது கியருக்கு மேல் வேண்டாம்.

தினமும் ஊட்டிக்குள்ளேயே மூன்று நான்கு கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் ஃபிகோவை எடுக்காதீர்கள். எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும், ஈ.ஜி.ஆரில் கரி சேரும், உறைபனிக் காலத்தில் பேட்டரியும் சார்ஜ் ஏறாமல் திணறும். அவர்களுக்கு ஸ்விஃப்ட் பெட்ரோல்தான், அதிலும் கிளட்ச்சைச் சமீபத்தில் மாற்றிய பில்லோடு வருவதாகப் பார்த்து எடுங்கள்.