வடக்குச் சுவர் நிற்கிறது, தெற்குச் சுவர் உரிகிறது

மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரேயில், ஒன்றன்மேல் ஒன்று படியும் மரப்பலகைகளால் (வெதர்போர்டு) வெளிச்சுவர் அமைந்த பழைய பலகை வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். "அண்ணா, வெதர்போர்டில் இருக்கும் பழைய பெயின்ட்டை மொத்தமாகச் சுரண்ட வேண்டுமா, மேலாகத் தேய்த்துவிட்டு அடித்தால் போதுமா?" அப்போது நான் கையில் சுரண்டியோடு எங்கள் தெற்குச் சுவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது. அவருக்குச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு மெல்போர்னின் கோபர்க் பகுதியில் 1920களில் கட்டியது. பலகைகள் பால்டிக் பைன் மரம். 2017 மார்ச்சில் வேலையை ஆரம்பித்தேன். பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த ஊரில் வெயிலைத் தாங்குவது வடக்குச் சுவர், தெற்குச் சுவரில் வெயில் விழுவதே அபூர்வம். வந்த புதிதில் இது என் மனத்தில் பதியவே நாளாயிற்று. வடக்குச் சுவரில் பழைய பெயின்ட் முதலைத்தோல் போல வெடித்திருந்ததால் மரம் தெரியும்வரை சுரண்டினேன். டங்ஸ்டன் கார்பைடு அலகு வைத்த இழுவைச் சுரண்டிக்குத் தரும் காசு வீண் போகாது. சாதாரண இரும்பு அலகு ஒரு பலகை முடிவதற்குள் மழுங்கிவிடும்.

அடியில் இளஞ்சிவப்பு பிரைமர் (முதல் பூச்சு) தெரிந்ததும் வேலையை நிறுத்தினேன். ஈயம் கலந்தது அது. ஆஸ்திரேலியாவில் 1950க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் பாதி வரைகூட இருக்கலாம். பிரிஸ்பேன் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகள் உடலில் ஈயம் ஏறுவது வராந்தாக் கம்பிகளின் பெயின்ட்டிலிருந்துதான் என்று 1904-லேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகு கட்டிய என் வீட்டிலும் அதைத்தான் பூசியிருக்கிறார்கள். நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்தே தேயுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் பி2 முகமூடி, தரையில் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் மூன்றும் கட்டாயம். கறிவேப்பிலைத் தொட்டியை முதல் நாளே வீட்டின் மறுபக்கத்துக்கு நகர்த்திவிட்டேன்.

பிறகு துருப்பிடித்த ஆணித்தலைகளை உள்ளே தட்டி, அவற்றுக்கும் பலகை முனைகளுக்கும் பிரைமர் தொட்டு, பட்டி பார்த்தேன். எண்ணெய் பிரைமர் ஒரு கை, அக்ரிலிக் இரண்டு கை. எட்டு கோடை கடந்தும் அந்தச் சுவரில் ஒரு விரிசல் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன், அவ்வளவுதான். மாலையில் தேநீரோடு அதன் முன் நின்று பார்ப்பது எனக்கு உண்மையான சந்தோஷம்.

தெற்குச் சுவருக்கு வருவதற்குள் குளிர்காலம் நெருங்கிவிட்டது, கையும் ஓய்ந்துவிட்டது. பெயின்டர் ஒருவரிடம் கொடுத்தேன். வேலை சுத்தமான மனிதர். அவர் பார்த்த பட்டி என்னுடையதைவிட வழவழப்பாக இருந்தது. பலகைமேல் பலகை படியும் இடுக்குகள் அத்தனையிலும் நிரப்புப் பசையைப் பீய்ச்சி இழுத்து அடைத்தார். பக்கத்தில் நின்று பாராட்டியவன் நான்தான்.

அந்த இடுக்குதான் சுவர் மூச்சு விடும் வழி. குளியலறையின் நீராவி சுவருக்குள் போகிறது, மழை நீரும் எங்கேயாவது கசிகிறது. இரண்டும் அந்த மேற்படிவின் அடியால்தான் வெளியேற வேண்டும். அதை அடைத்தால் ஈரம் மரத்துக்குள்ளேயே தங்கிப் பெயின்ட்டைப் பின்னாலிருந்து தள்ளும். இரண்டாவது குளிர்காலத்தில் குளியலறைக்கு நேராகக் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை அறுத்துப் பார்த்தேன், உள்ளே வெறும் மரம். கொப்புளத்துக்கு அடியில் பழைய பெயின்ட் தெரிந்தால் வெயிலையோ சரியாகத் தேய்க்காததையோ சந்தேகிக்கலாம். வெறும் மரம் தெரிந்தால் ஈரம்தான் காரணம். பலகை மூலைகளில் செங்குத்தாக ஓடும் இணைப்பை அடைக்கலாம், அடைக்கவும் வேண்டும். பலகைமேல் பலகை படியும் கிடைமட்ட இடுக்கைத் தொடக்கூடாது.

அவர்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. குளியலறையின் காற்றுப்போக்கி ஓடாமல் கிடந்ததை ஒரு வருடம் கண்டுகொள்ளாதவன் நான். ஆனால் அந்த விசிறியை மாற்றிய பிறகும் கொப்புளம் நிற்கவில்லை. மூன்று முறை ஒட்டுப்போட்டும் மூன்று முறை உரிந்தது. இந்த வசந்தத்தில்தான் கத்தியால் பசை முழுவதையும் அறுத்து எடுத்தேன். ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் புளித்த மர வாடை. இரண்டு பலகைகளின் அடிவிளிம்பு விரல் பட்டதும் பொடிந்தது. இவ்வளவு பழைய, நெருங்கிய வளையமுள்ள மரம் இனிக் கிடைக்காது. என்னால் ஆறவே முடியவில்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மொத்தமாகச் சுரண்டத் தேவையில்லை. பழைய பெயின்ட்டில் கத்தியால் கட்டம் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் நாடாவோடு வராவிட்டால் விளிம்பை ஈரமாகத் தேய்த்துச் சரிவாக்கி மேலே அடிக்கலாம். வந்தால் அந்தப் பகுதியை மரம்வரை சுரண்டுங்கள். வேலையை ஆளிடம் கொடுத்தால், இடுக்கை அடைக்கக்கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

பலகை வீடு நல்லதா என்றும் கேட்டார். வடக்குச் சுவர் என் கையால் நான் செய்ததிலேயே சிறந்த வேலை. ஆனாலும் இன்னொரு வீடு வாங்கினால் செங்கல் வீடுதான் வாங்குவேன் என்று சொன்னேன். இதை எழுதும்போதும் மனம் மாறவில்லை. புதிய பலகைகள் இரண்டும் கொட்டகையில் காத்திருக்கின்றன. சுற்றியுள்ள பழைய மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் பிரைமர் தொடுவேன். நேற்று மாலை ஈரமானி 19 காட்டியது.